பரணுக்குப் போன மூச்சு மிஷின்

என் அருமை அப்பா, குறட்டையில்கூட சுருதி பிசகாத என் அப்பா,

இந்த மாதத்தோடு நீங்கள் போய் இரண்டு வருடம். சபையின் மாத இதழில் நினைவுப் பக்கம் போடுவதற்கு உங்கள் படம் ஒன்றும் வேதவசனம் ஒன்றும் கேட்டார்கள். படத்தைக் கொடுத்துவிட்டேன். தம்பி சாம்சன் கல்யாணத்தில் எடுத்தது. வியர்வை தாங்காமல் டையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பீர்களே, அது. வசனம் தேடுவதற்காகப் பைபிளைத் திறந்தவள், அதை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி வசனத்துக்குப் பின்னால் நின்றுகொள்ள என்னால் முடியவில்லை. இதையே அச்சுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நம் சபையில் எல்லோரும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா சுகமாக இருக்கிறாள். முழங்கால்தான் மக்கர் செய்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நம் தெருவில் குழாய் பதிக்கிறோம் என்று தோண்டிப் போட்டு மாதக்கணக்காகிறது. நீங்கள் இருந்தால் தினமும் காலையில் பள்ளத்தின் ஓரத்தில் நின்று வேலைக்காரர்களுக்கு யோசனை சொல்லியிருப்பீர்கள். உங்கள் மருமகன் அடுத்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். பாடகர் குழுவில் உங்களைப் போல் அடிக்குரலில் பேஸ் பாட இப்போது ஒரே ஒரு ஆள்தான், அவரும் பாதி நாள் மஞ்சணத்திப் பழம் தின்று நாக்குக் கறுத்தவர் மாதிரி வாயைத் திறக்காமலே நிற்கிறார்.

சாம்சன் மஸ்கட்டில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீடு சேர்ந்ததும் போன் வரும். பேச்சு எங்கே தொடங்கினாலும் உங்களிடம் வந்துதான் நிற்கும்.

இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்விட்டேன், அப்பா. ஒரு தடவை அடுப்பைப் பார்க்க, ஒரு தடவை வாசல் கதவைப் பார்க்க. மூன்றாவது தடவை எதற்கு எழுந்தேன் என்று அடுப்படியில் போய் நின்று யோசித்தேன். அந்த மூன்றாவது தடவைதான் என் பிரச்சினை.

நாலைந்து மாதமாகவே இப்படித்தான். காலையில் எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை. தலைக்குள் ஈரத்துணியைத் திணித்து வைத்த கனம். ஆபீஸ் போகும் பஸ்ஸில் முருகன்குறிச்சியில் உட்கார இடம் கிடைத்ததுதான் தெரியும். கொக்கிரகுளத்தில் இறங்க வேண்டியவள், ஆற்றுப்பாலத்தையும் தாண்டி ஜங்ஷனில் கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்கினேன். ஒரு நாள் என்றால் அசதி என்று விட்டுவிடலாம். ஒரே வாரத்தில் மூன்று நாள். அதுகூடப் போகட்டும். என் பக்கத்து மேஜையில் பதினோரு வருடமாக உட்காருகிற பெண்ணைக் கூப்பிட வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. "இங்க பாருங்க" என்று சமாளித்தேன். அவள் பெயர் கலா. இரண்டே எழுத்து.

உங்களுக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது? தபால் பிரிக்கிற வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர் நீங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் உவரியா, மணிமுத்தாறா, எதற்கும் பின்கோடு சொல்வீர்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது யாரு வீட்டுக்கு வந்ததுட்டி?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். கடைசி வருடம் என்னையே யார் வீட்டுப் பெண் என்று கேட்கப் போகிறீர்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எனக்கும் அதுதானா? இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஒரு மணி நேரம்கூடப் போவதில்லை. பால்காரருக்கு மீதிச் சில்லறை வாங்கினேனா என்று மறந்தால் கேட்கிறேன். ஜெபத்தில் ஒரு வரி தடுமாறினால் கேட்கிறேன். ஐம்பத்துமூன்று வயதுதானே ஆகிறது எனக்கு?

உங்கள் மருமகன்தான் அதைக் கண்டுபிடித்தார். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, பயப்படுத்தக் கூடாதே என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பியூலா, உனக்கும் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் முட்டிக்கிட்டு வருது. மாமாக்கு வந்த மாதிரியே இருக்கு."

பொம்பளை குறட்டை விடுகிறாள் என்பதே நம் வீட்டில் வெளியே சொல்லக் கூடிய செய்தி இல்லை. ஆனாலும் போனேன். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரை ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு இளம் பெண், பெயர் வேண்டாம், உவரிக்காரி. மீன்காரர் வீட்டுப் பிள்ளை என்று அவளே சொன்னாள். படத்தைக் காட்டி, மூச்சு நின்ற இடங்களைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே போனாள். அவள் பென்சில் நிற்கவே இல்லை.

"மறதிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்க்கா. மூளையச் சுத்தி ஒரு தண்ணி இருக்கு. அது ரத்தக்குழாய் ஓரமாவே மூளைக்குள்ள போயி, அங்கன சேர்ந்த கழிவ அலசிக் கொண்டு போவுதுன்னு இப்ப சொல்லுதாங்க. நல்ல தூக்கத்துல அது நல்லா நடக்கும்னு ஒரு கட்சி. இல்லன்னு இன்னொரு கட்சி. இன்னும் சண்ட ஓயல. ஆனா மூச்சு இழுத்து விடும்போதெல்லாம் அந்தத் தண்ணிக்கு ஒரு தள்ளு கெடைக்கி, அது நெசம்."

"அப்போ மூச்சு நின்னா?"

"தள்ளும் தாறுமாறா இருக்கும், தூக்கமும் உடையும். பிராணவாயுவும் கொறையும். எது எவ்வளவு கெடுதல் பண்ணுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நமக்கு இப்ப வேண்டியது ஒண்ணுதான். மூச்சு நிக்கக் கூடாது. இந்த மாஸ்க்கப் போட்டுத் தூங்குங்க." ஒரு பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

திறந்து பார்க்காமலே எனக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று. சின்ன மிஷின், நீளக் குழாய், மூக்கை மூடும் மாஸ்க். நீங்கள் "எந் துதிக்கை" என்று சொல்வீர்களே, அதன் புது மாடல்.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. அலமாரிக்கு மேலே இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.

அதற்காக நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மகள் அல்லவா? போனில் தேடித் தேடி வாசித்தேன். மெதுவாக ஆழ்ந்து மூச்சு விட்டால் மூளையைச் சுற்றியுள்ள அந்தத் தண்ணீர் நன்றாக அசைகிறது என்று போட்டிருந்தார்கள். உடனே தொடங்கிவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவேன். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அம்மா, "மாசமா இருக்கியளோ?" என்று கேட்கப் போய், என் நரைமுடியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு அந்த நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இருதயம், வயிறு வரைக்கும் போகிற ஒரு நீள நரம்பு இருக்கிறதாம், வேகஸ் என்று பெயர். அதன் ஒரு கிளை காதுக்கும் வருகிறது. எலிகளுக்கு அந்த நரம்பைத் தூண்டிப் பார்த்தபோது மூளைத் தண்ணீர் கூடுதலாக உள்ளே போனது என்று எங்கேயோ வாசித்து சாம்சனிடம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, மஸ்கட்டிலிருந்து வந்த ஆளிடம் ஒரு சாதனத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டான். காதில் கவ்வுகிற கிளிப். லேசாக எறும்பு கடிக்கிற மாதிரி மின்சாரம் வரும்.

"அக்கா, தெனமும் மாட்டு. மூள கழுவி விட்ட மாதிரி ஆயிரும்," என்றான்.

மாட்டினேன். ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடியை இழுத்து மறைத்துக்கொண்டு, பைலைப் புரட்டிக்கொண்டே. உங்கள் மருமகன், "ஒத்தக் கம்மல் நல்லாத்தான் இருக்கு," என்றார். போன வாரம் டாக்டரிடம் போய்ப் பெருமையாக இரண்டையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மூச்சுப்பயிற்சி தாராளமா செய்யுங்க, மனசு அடங்கும். அந்தக் கிளிப் எலிக்கு ஆனது மனுசனுக்கு ஆகுமான்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. அத நம்பி ஒண்ணும் சொல்ல முடியாது. அது கெடக்கட்டும், மாஸ்க் போடுதியளா?"

"இல்லை."

"ஏன்க்கா?"

மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்றேன். பெட்டியையே பிரிக்காதவள் அப்படிச் சொன்னேன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜை மேலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் போடவில்லை? டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஏன் செய்கிறேன்? அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சுற்றிச் சுற்றி வந்து இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்த மிஷின் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அம்மா அப்போது ஊரில் இல்லை. நாகர்கோவிலில் பெரியம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார்கள் என்று இரண்டு மாதம் அங்கேயே இருந்தாள். வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்ள நான்தான். உங்களுக்கு மறதி அப்போதுதான் லேசாகத் தலைகாட்டியிருந்தது. உங்களைப் பார்த்த டாக்டர், தூங்கும்போதெல்லாம் மாஸ்க் போட வேண்டும், பகல் தூக்கத்துக்கும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மற்றவர்கள் அதைக் கண்டு மிரளுவார்கள். நீங்கள் குழந்தை பொம்மையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டீர்கள்.

பத்து நாள் இருக்கும். ஒரு மத்தியானம் முன் அறைக் கட்டிலில் மாஸ்க் போட்டுக்கொண்டு நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எதிர்வீட்டு எஸ்தர் சித்தி ஜெபக்கூட்டத்துக்குச் சொல்ல வந்தார்கள். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார்கள். மூக்கில் மாஸ்க், குழாய், ஸ் ஸ் என்று சத்தம். சித்தி கூப்பிடவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஆபீஸிலிருந்து வந்து இறங்குகிறேன், நம் வாசலில் செருப்பு. எண்ண முடியாத செருப்பு. உள்ளே இருபது பேருக்குக் குறையாமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். பாதிப் பேர் வெள்ளைச் சேலை. ஒருவர் உயிர் பிரிகிற நேரத்தில் கட்டிலைச் சுற்றி நின்று பாடுகிற பாட்டை, அடக்கமான குரலில் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற கடுங்காப்பி இரண்டு பிளாஸ்க்கில் தயாராக இருக்கிறது. பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். இவ்வளவுக்கும் நடுவில் நீங்கள் மறுபடியும் நல்ல தூக்கம்.

இரண்டாவது சரணத்தில் கண்ணைத் திறந்தீர்கள். சுற்றிப் பார்த்தீர்கள். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படுத்த வாக்கிலேயே, சரியான இடத்தில், பேஸ் பிடித்துப் பாடத் தொடங்கினீர்கள். பாட்டு அப்படியே நின்றது. உங்கள் குரல் மட்டும் இன்னும் ஒரு வரி போயிற்று.

"அண்ணாச்சி, இருக்கியளா?" என்றார்கள் எஸ்தர் சித்தி.

"இருக்கேன். அந்தக் காப்பிய ஊத்துங்க," என்றீர்கள்.

சித்தி, இதை நீங்கள் வாசிக்கும்போது கோபப்படாதீர்கள். அன்பினால்தானே வந்தீர்கள்? அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதன் பிறகு ஒரு மாதம் அப்பாவை எல்லோரும் "உயிர்த்தெழுந்த அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆலயத்தில் அவராகவே அந்தக் கதையை நடித்துக் காட்டுவார்.

வருத்தப்பட்டவள் நான். சாம்சனுக்கு வயது ஏறிக்கொண்டே போய், ஒரு பெண்ணும் அமையாமல், கடைசியில் நாசரேத் பக்கம் ஒரு இடம் கூடி வந்திருந்த சமயம் அது. அந்த வாரமே தரகர் போனில் கூப்பிட்டார். "மாப்ளயோட அப்பாக்கு ஆக்சிஜன் வச்சிருக்காங்களாமே. கல்யாணம் வரைக்கும் தாங்குவாரான்னு பொண்ணு வீட்ல கேக்காங்க. குடும்பத்துல வேற யாருக்கும் இந்தச் சீக்கு உண்டுமான்னும் கேக்காங்க."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அன்றைக்கே மிஷினைக் குழாயோடு சுருட்டி, ஒரு பழைய போர்வையில் கட்டி, ஸ்டூல் போட்டுப் பரணில் ஏற்றினேன். பெண் வீட்டார் எந்த நேரமும் வருவார்கள், கல்யாணம் வரைக்கும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்ன? அப்பாவுக்கு மாஸ்க் பிடிக்கவில்லை, கழற்றி எறிந்துவிட்டார், எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை என்பது. அம்மா அப்படித்தான் சொல்கிறாள். சாம்சனும் அப்படித்தான் சொல்கிறான். பந்துக்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடந்தது அது இல்லை. நீங்கள் கேட்டீர்கள், அப்பா.

ஒரு வாரம் கழித்து நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றீர்கள். "பியூலா, எந் துதிக்கைய எங்கன வச்சிருக்க? அது இருந்தா காலைல தல லேசா இருக்கு." நான் திரும்பாமலே, "ரிப்பேருக்குக் குடுத்திருக்குப்பா," என்றேன். "சரி, பைய வரட்டும்," என்று போய்விட்டீர்கள்.

கல்யாணம் முடிந்தது. அப்போதாவது எடுத்திருக்கலாமே? புது மருமகள் விசா வரும் வரைக்கும் நம் வீட்டில் இருந்தாள். அவள் போகட்டும் என்று தள்ளிப் போட்டேன். அவளும் போனாள். பிறகு ஏன் எடுக்கவில்லை? என்னை ஒரு இடத்தில் உட்கார விடாத கேள்வி இதுதான். எடுத்தால், ரிப்பேர் என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதற்குப் பயந்தேன். இவ்வளவு சின்னக் காரணம், அப்பா. இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருக்காதா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

இரண்டாவது தடவை நீங்கள் கேட்டபோது நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அது வந்துட்டா?" என்றீர்கள். "எதுப்பா?" என்றேன். உங்களுக்கு வார்த்தை வரவில்லை. துதிக்கை என்ற உங்கள் சொந்த வார்த்தையே வரவில்லை. விரலை மூக்கில் வைத்துக் காட்டினீர்கள். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பாக்கேன்," என்றேன்.

மூன்றாவது தடவை நீங்கள் கேட்கவில்லை. மறந்துவிட்டீர்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூட என்னை நானே ஒருவாறு மன்னித்திருப்பேன். அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் கழித்து உங்களை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். "மாஸ்க் ஒழுங்கா போடுறாரா?" என்று டாக்டர் கேட்டார். மிஷினைக் கண்ணாலேயே பார்த்திராத அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "அவரு போட மாட்டேங்காரு டாக்டர்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, இப்படிப் பிடிவாதம் பண்ணுதியளே?"

நீங்கள் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற பிள்ளையின் முகம். "நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஆமாப்பா."

"அப்படியா? மறந்திருக்கும்," என்றீர்கள். என் பேச்சை நம்பினீர்கள். உங்கள் நினைவை நம்பவில்லை.

பைபிளை மூடி வைத்தது இதனால்தான். எந்த வசனத்தைப் போட்டு இதை மூடுவது?

அந்த மிஷின் உங்களைக் காப்பாற்றியிருக்குமா? போன வாரம் டாக்டரிடம் இதையும் கேட்டேன், யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி. "சொல்ல முடியாதுக்கா," என்றாள். "நல்ல மூச்சும் நல்ல தூக்கமும் மூளைக்கு நல்லது. அதப் போட்டிருந்தா மறதியே வந்திருக்காதுன்னு என்னால கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. வந்திருக்கும்னும் சொல்ல முடியாது." நான் இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வரலாம் என்று போனேன். ஆம் என்றால் அழுதிருப்பேன். இல்லை என்றால் தூங்கியிருப்பேன். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். அது இருந்தால் தலை லேசாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். எத்தனையோ காலைகள் உங்களுக்கு லேசாக இருந்திருக்கலாம். அவற்றை நான் பரணில் ஏற்றினேன்.

இப்போது புரிகிறதா, என் பெட்டி ஏன் பிரிக்காமல் இருக்கிறது என்று? அதைப் போட்டு, ஒரு வாரத்தில் எனக்குத் தலை தெளிந்து, கலாவின் பெயர் சட்டென்று வந்துவிட்டால்? பஸ்ஸில் கொக்கிரகுளம் வருவதற்கு முன்பே விழித்துக்கொண்டால்? உங்களுக்கும் அப்படி ஆகியிருக்கும் என்று ஆகிவிடும் அல்லவா? அதனால்தான் காதில் கிளிப்பை மாட்டிக்கொண்டு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டுக்கொண்டு, ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். குணமாகிவிடுவேனோ என்று பயப்படுகிற நோயாளியை அந்த உவரிப் பெண் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று விடியலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எல்லோரும் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பாடினார்கள். அம்மா உங்கள் கல்லுக்கு எதிரே நின்று, பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சொன்னா கேட்டியளா? ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள். பிறகுதான் பூவை வைத்தாள். அதுவும் கோபமாக. ஐம்பத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனுஷன் மேல் இரண்டு வருடமாக அவளுக்குக் கோபம். நான் பக்கத்தில் நின்று மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். மணி மூன்றரை. வெயில் இன்னும் குறையவில்லை. இந்த இடத்தில்தான் உள் அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். இப்போது, இந்த நிமிடம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி, மத்தியானத்துல இருந்து என்னத்த எழுதுத?"

"கடிதம்மா."

"யாருக்கு?"

"அப்பாக்கு."

கட்டில் கிரீச்சிட்டது. திரும்பிப் படுத்திருப்பாள். பிறகு சொன்னாள், "அந்த மிஷின ஏன் போட மாட்டேன்னு சொன்னியள்னு நான் கேட்டேன்னு எழுது. அத மட்டும் கேட்டு எழுது."

எழுதிவிட்டேன், அப்பா. உங்கள் மனைவி கேட்கிறாள், அந்த மிஷினை ஏன் போட மாட்டேன் என்று சொன்னீர்கள்?

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது இல்லை. விலாசம் தவறி வந்த தபாலை உரியவர் வீட்டில் சேர்ப்பதுதான் உங்கள் முப்பத்தைந்து வருட வேலை. இதை நானே வாங்கிக்கொள்கிறேன். பேனாவை மூடிவிட்டு எழுந்து, அந்த அறைக்குள் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அவர் கேட்டார்ம்மா, நான்தான் கொடுக்கவில்லை," என்று சொல்லப் போகிறேன். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அடிக்கலாம். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் அடுத்த தடவை கல்லறைத் தோட்டத்தில் அவள் கோபம் உங்கள் மேல் இருக்காது. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

போகிறேன்.

உங்கள் பேச்சை மறைத்து வைத்த,
உங்கள் மூத்த மகள்
பியூலா